நறுக்குத் தீவனம் ஒரே அளவாக வரவில்லையா?

கறவை மாடு வளர்க்கும் சிறு உழவர் இல்லங்களிலும் தீவனம் நறுக்கும் கருவி இன்று இடம் பெற்றுவிட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் கோ 4 ரகத்தை 2008-ஆம் ஆண்டிலும், கோ (பிஎன்) 5 ரகத்தை 2012-ஆம் ஆண்டிலும் வெளியிட்டது. உயரமாகவும் பருத்தும் வளரும் இப்புற்களை அப்படியே கட்டுத்தறியில் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துத் தள்ளிவிடும். எனவே நறுக்கிப் போடுவது அவசியமாயிற்று.

ஆனால் கருவி வாங்கிய ஓராண்டுக்குள் பல வீடுகளில் ஒரே குறையைக் கேட்கிறோம். புதிதில் சீராக நறுக்கிய கருவி, இப்போது சில துண்டுகளை ஓர் அங்குலமாகவும், சிலவற்றை ஒரு சாணாகவும், சிலவற்றை நார் நாராகவும் தள்ளுகிறது என்கிறார்கள். ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 20 கிலோ பசும்புல் போடும் வீட்டில், நீளத் துண்டுகளாக வந்த கால் பங்கை மாடு ஒதுக்கினால் 5 கிலோ சாணக்குழிக்குப் போகிறது. நீர் பாய்ச்சி, உரமிட்டு, அறுத்துச் சுமந்து வந்த புல் அது. நட்டம் தீவனத்தோடு நிற்பதும் இல்லை. சீராக நறுக்காத கருவியில் புல் அடிக்கடி சிக்கும். சிக்கிய புல்லைக் கையால் தள்ளும்போதுதான் விரல்கள் போகின்றன.

குறை கண்டவுடன் கத்தியைக் கழற்றிச் சாணை பிடிக்க எடுத்துச் செல்வதே வழக்கமாக இருக்கிறது. கத்தி மழுங்குவது உண்மைதான். எனினும் பல நேரங்களில் குறை கத்தியின் கூர்மையில் இல்லை. கத்திக்கும் வாய்த்தகட்டுக்கும் உள்ள இடைவெளியிலோ, புல்லைப் பிடித்துத் தள்ளும் உருளையிலோ இருக்கிறது. எங்கே குறை என்பதை நறுக்கி விழுந்த புல்லே காட்டிக் கொடுக்கும்.

குவியலைப் பாருங்கள்

கருவி வேலை செய்யும் விதத்தை முதலில் மனதில் கொள்ள வேண்டும். பல் உள்ள இரண்டு உருளைகள் மேலும் கீழுமாக நின்று புல்லை இறுகப் பிடித்து முன்னே தள்ளுகின்றன. பெரிய சக்கரத்தில் பூட்டிய கத்தி, வாயில் உள்ள எஃகுத் தகட்டை ஒட்டி வந்து, வெளியே நீட்டிய புல்லை வெட்டுகிறது. உருளைகள் சக்கரத்தின் அச்சிலிருந்தே பல்சக்கரம் மூலம் ஓட்டம் பெறுகின்றன. சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது உருளைகள் புல்லை 4 செ.மீ. தள்ளுவதாகக் கொள்வோம். சக்கரத்தில் இரண்டு கத்திகள் இருந்தால் துண்டு 2 செ.மீ. வரும். ஒரு கத்தியைக் கழற்றிவிட்டால் 4 செ.மீ. ஆகும். நான்கு கத்திகள் பூட்டினால் 1 செ.மீ. ஆகும்.

இப்போது ஒரு கூடை நறுக்குப் புல்லைச் சாக்கின் மேல் கொட்டிப் பரப்பி வகை பிரியுங்கள். கால் மணி நேர வேலைதான்.

சரியான அளவுத் துண்டுகளும், ஏறத்தாழ அதற்கு இரு மடங்கு நீளமுள்ள துண்டுகளும் கலந்து கிடந்தால் ஒரு கத்தி வெட்டுகிறது, மற்றது வெட்டாமல் புல்லை மடக்கிவிட்டுச் செல்கிறது என்று பொருள். அந்த ஒரு கத்தி தளர்ந்தோ, விலகியோ, முனை ஒடிந்தோ இருக்கும்.

தண்டு அளவாக அறுந்து, இலை மட்டும் நீளமாக வந்தால் இடைவெளி அதிகம். பருத்த தண்டு வெட்டுப்படுகிறது. மெல்லிய இலையோ இடைவெளிக்குள் மடிந்து தப்பிவிடுகிறது.

துண்டுகள் தோலால் ஒன்றோடொன்று தொங்கிக்கொண்டு, முனை பிய்ந்து நார் நாராகத் தெரிந்தால் கத்தியோ வாய்த்தகட்டின் விளிம்போ மழுங்கியுள்ளது. இடைவெளி கூடியிருந்தாலும் இப்படி வரும். எனவே இரண்டையும் பார்க்க வேண்டும்.

வாயின் ஒரு பக்கத்தில் விழுவது சீராகவும் மறு பக்கத்தில் விழுவது நீளமாகவும் இருக்குமானால், கத்தியின் ஒரு முனையில் மட்டும் இடைவெளி கூடியிருக்கிறது. அல்லது மேல் உருளையின் ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

எந்த ஒழுங்கும் இன்றி, பொடியும் துண்டும் நீளமுமாகக் கலந்து வந்தால் உருளை புல்லைப் பிடிக்கவில்லை. புல் வழுக்கி நிற்கும்போது பொடியாகிறது. தளர்ந்து நிற்கும் புல்லைக் கத்தி இழுக்கும்போது நீளமாக வந்துவிடுகிறது.

கடைசியாக, நீளத் துண்டின் வெட்டு முனையைப் பாருங்கள். முனை நேராக இல்லாமல் பேனா சீவியதுபோலச் சாய்ந்திருந்தால் கருவியில் குறையே இல்லை. புல் குறுக்காக உள்ளே போயிருக்கிறது. குறை ஊட்டும் முறையில் உள்ளது.

கை வைக்கும் முன்

மின் கருவியாயின் சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மூன்று முனை மின்சாரமாக இருந்தால் பியூஸ் கட்டைகளைக் கழற்றி, வேலை முடியும்வரை மடியிலேயே வைத்திருங்கள். மின்சாரம் நின்றிருக்கிறது என்ற துணிவில் சுவிட்சை அணைக்காமல் வேலை பார்ப்போரும் உண்டு. மின்சாரம் எந்த நொடியில் திரும்பும் என்று எவரும் சொல்ல முடியாது. பெரிய சக்கரம் கனமானது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் சில நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அது முற்றிலும் நின்ற பிறகு பெல்ட்டைக் கழற்றி, சக்கரத்தின் ஆரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே மரக்கட்டை ஒன்றை முட்டுக் கொடுங்கள். சக்கரத்தைத் திருப்ப வேண்டிய நேரத்தில் கட்டையை எடுத்து, வெளி வளையத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டும். திருப்புபவரே பார்க்கவும் வேண்டும். ஒருவர் திருப்ப, மற்றொருவர் வாயில் கைவைத்துப் பார்ப்பது கூடவே கூடாது. கையால் சுற்றும் கருவிக்கும் இது பொருந்தும்.

அச்சில் ஆட்டம்

இடைவெளியைச் சரி செய்வதற்கு முன் சக்கரத்தை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சக்கரம் உள்ளே வெளியே நகருமானால் பேரிங்கு தேய்ந்திருக்கிறது, அல்லது அச்சைப் பிடித்திருக்கும் வளையம் நழுவியிருக்கிறது. இதைச் சரி செய்யாமல் கத்தியை எவ்வளவு நுட்பமாகப் பொருத்தினாலும் பயனில்லை. நிற்கும்போது சரியாக இருக்கும் இடைவெளி ஓடும்போது கூடும், குறையும். சில சமயம் கத்தி வாய்த்தகட்டிலேயே மோதி உடையும். ஆட்டம் உள்ள கருவியைப் பட்டறைக்கு அனுப்பிப் பேரிங்கை மாற்றிய பிறகே மற்ற வேலை.

இடைவெளியைச் சரி செய்தல்

இதுவே இக்கட்டுரையின் முக்கியப் பகுதி. கத்தி வாய்த்தகட்டை உரசவும் கூடாது. விலகியும் நிற்கக் கூடாது. கருவியோடு வந்த குறிப்பேட்டில் அளவு தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். குறிப்பேடு இல்லையெனில் ஓர் அஞ்சலட்டையை நீளவாக்கில் பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். அப்பட்டை கத்திக்கும் தகட்டுக்கும் இடையே லேசான பிடிப்போடு நுழைய வேண்டும். தாராளமாக நுழைந்தால் இடைவெளி அதிகம்.

கத்தியை ஆரத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். பெரும்பாலான கருவிகளில் கத்தியின் பின்புறம் அதை முன்னே தள்ளுவதற்கென்று சிறு திருகாணிகள் இருக்கும். அவற்றைச் சிறிது சிறிதாகத் திருகி, கத்தியைத் தகட்டை நோக்கி நகர்த்துங்கள். கத்தி வளைந்த வடிவமுடையதாதலால் ஓரிடத்தில் பார்த்தால் போதாது. வாயை முதலில் தொடும் முனை, நடு, கடைசி முனை ஆகிய மூன்று இடங்களிலும் அட்டைப் பட்டையை நுழைத்துப் பார்க்க வேண்டும். மூன்றிலும் ஒரே பிடிப்பு இருக்க வேண்டும். பட்டையை விரலால் பிடிக்காமல் ஒரு குச்சியின் பிளவில் செருகிக்கொள்வது நல்லது.

பிறகு போல்ட்டுகளை முறுக்குங்கள். ஒன்றை முழுதும் முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கத்தி ஒரு பக்கம் இழுபடும். மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்கி இறுக்கிய பின் மறுபடியும் மூன்று இடங்களில் சோதியுங்கள். முறுக்கும்போது இடைவெளி மாறுவதுண்டு. அடுத்த கத்திக்கும் இவ்வாறே செய்யுங்கள். இரண்டு கத்திகளின் இடைவெளியும் ஒன்றாக இருந்தால்தான் துண்டு ஒரே தன்மையாக வரும்.

கடைசியில் சக்கரத்தைக் கையால் மெதுவாக முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது உரசும் ஒலி கேட்டால் அந்த இடத்தில் கத்தியைச் சற்றுப் பின்வாங்க வேண்டும். உரசாமல் சுற்றினால் பழைய செய்தித்தாளை ஒரு மடிப்பு மடித்துக் குச்சியில் செருகி வாயில் நீட்டி, சக்கரத்தை மெல்லத் திருப்புங்கள். தாள் முழு அகலத்துக்கும் அறுந்தால் இடைவெளியும் கூர்மையும் சரி. ஒரு பகுதி மட்டும் மடிந்து நின்றால் குறை அந்தப் பகுதியில்தான்.

ஸ்பிரிங் வாசர் இல்லாமல் போல்ட்டை முறுக்காதீர்கள். கத்தி போல்ட்டு தொலைந்துவிட்டால் பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டைப் போட்டு ஓட்டுவது ஆபத்தானது. முழு வேகத்தில் சுற்றும் சக்கரத்திலிருந்து கத்தி பிய்ந்தால் எதிரில் நிற்பவரைத் தாக்கும்.

கத்தியும் வாய்த்தகடும்

கத்தியின் ஒரு முகம் தட்டையாகவும் மறுமுகம் சாய்வாகவும் இருக்கும். சாய்வு முகத்தை மட்டுமே தீட்ட வேண்டும். தட்டை முகத்தைத் தேய்த்துவிட்டால் கத்தி தகட்டோடு ஒட்டி வராது. இலை தப்பத் தொடங்கும். பழைய சாய்வு எந்த அளவில் இருந்ததோ அதே அளவைக் காப்பாற்றுங்கள். மிகக் கூராக இருக்கட்டும் என்று மெல்லியதாகத் தீட்டினால் கோ 4 புல்லின் முற்றிய கணு ஒன்றே விளிம்பைப் பிளந்துவிடும்.

மின் சாணையில் தீட்டும்போது அடிக்கடி நீரில் தோய்த்து எடுக்கச் சொல்லுங்கள். விளிம்பு நீல நிறமாக மாறினால் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். அந்தக் கத்தி நான்கு நாளும் கூர் தாங்காது. கத்திகளை எப்போதும் இணையாகவே தீட்ட வேண்டும். தீட்டிய பின் மளிகைக் கடைத் தராசில் இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். ஒன்று கனத்தும் ஒன்று இலேசாகவும் இருந்தால் சக்கரம் அதிரும். அதிர்ச்சியில் போல்ட்டு தளரும். ஒரு வாரத்தில் பழைய குறை திரும்பிவிடும். இதே காரணத்தால் ஒன்று உடைந்தால் அதை மட்டும் புதிதாக மாற்றுவதும் சரியல்ல. தீட்டிய கத்தியின் அகலம் குறைவதால் திரும்பப் பூட்டும்போது இடைவெளியைக் கட்டாயம் மறுபடி வைக்க வேண்டும். சாணை பிடித்தும் சீராக நறுக்கவில்லை என்று வருந்துவோர் விட்டுவிடுவது இந்த ஒரு வேலையைத்தான்.

வாய்த்தகட்டை எவரும் கவனிப்பதில்லை. கத்தரிக்கோலுக்கு இரண்டு அலகு உண்டு. கத்தி ஓர் அலகானால் வாய்த்தகடு மற்றொன்று. அதன் விளிம்பு உருண்டுபோனால் புதுக் கத்தியும் பயன் தராது. சில கருவிகளில் தகட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டால் தேயாத விளிம்பு கிடைக்கும். இல்லையெனில் மாற்றிவிடுங்கள்.

கத்தி விளிம்பில் ஒரு சில்லு தெறித்திருப்பதைக் கண்டால் அது எங்கே போயிற்று என்று கேட்டுக்கொள்ளுங்கள். தீவனத்தோடு மாட்டின் வயிற்றுக்குள் போகும் இரும்புத் துண்டு இரண்டாம் வயிற்றறையில் தங்கி, அதைத் துளைத்து இதய உறை வரை செல்லக்கூடும். மாடு தீனி எடுக்காமல் முதுகை வளைத்து நின்று, படுக்கத் தயங்கும். சில்லு தெறித்த அன்று நறுக்கிய தீவனம் முழுவதையும் ஒரு காந்தத்தால் துழாவிப் பார்த்த பின்பே மாட்டுக்கு இடுங்கள்.

உருளைகள்

மேல் உருளையை ஸ்பிரிங்குகள் கீழ்நோக்கி அழுத்துகின்றன. இரண்டு பக்க ஸ்பிரிங்குகளும் ஒரே நீளத்தில் இருக்கின்றனவா என்று அளந்து பார்த்து, தளர்ந்த பக்கத்தை இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பசும்புல்லின் சாறு பிழிந்து உருளையில் பிசுபிசுப்பு ஏறும். அதுவும் வழுக்கலுக்குக் காரணமாகும். உருளைப் பற்களுக்கிடையே அடைந்த மண்ணையும் நாரையும் குச்சியால் நீக்க வேண்டும். கட்டுக் கட்டிய நைலான் கயிறு உருளையில் சுற்றிக்கொள்வது பரவலாகக் காணப்படும் தொல்லை. கயிற்றை அவிழ்த்து ஆணியில் மாட்டிய பிறகே புல்லை ஊட்டத் தொடங்குங்கள்.

உருளை விட்டு விட்டுச் சுற்றினால் பல்சக்கரத்தின் பல் தேய்ந்திருக்கும், அல்லது அதை அச்சோடு இணைக்கும் ஆணி தளர்ந்திருக்கும்.

பெல்ட்டும் மோட்டாரும்

மோட்டார் வேகம் குறைந்ததால் துண்டு நீளமாகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உருளையும் கத்தியும் ஒரே அச்சிலிருந்து ஓடுவதால், வேகம் குறைந்தால் இரண்டும் சேர்ந்தே குறையும். துண்டின் நீளம் அதனால் மட்டும் மாறாது. ஆனால் கத்தியின் வீச்சு குறைவதால் புல் வெட்டுப்படாமல் பிய்கிறது. ஆகவே நார் நாராக வருவது மாலை வேளையில் மட்டும் நிகழ்கிறது, காலையில் சரியாக இருக்கிறது என்றால் கத்தியைத் தொடாதீர்கள். மின்னழுத்தம் குறைவாக இருக்கும். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று முதல் இரண்டு செ.மீ. அமிழ வேண்டும். அதற்கு மேல் அமிழ்ந்தால் மோட்டாரைப் பின்னுக்கு நகர்த்தி இறுக்குங்கள்.

மூன்று முனை மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்த்துத் திரும்ப இணைத்த பிறகு சக்கரம் எதிர்த்திசையில் சுற்றுவதும் உண்டு. சட்டத்தில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் மின் பணியாளரைக் கொண்டு இரண்டு முனைகளை மாற்றிக்கொள்ளலாம். மோட்டாரின் உடலுக்கு நில இணைப்பு இருக்கிறதா என்பதையும் அவரிடமே பார்க்கச் சொல்லுங்கள்.

ஊட்டும் முறை

புல்லை நடவு செய்த 75 முதல் 80 நாட்களில் முதல் அறுவடையும், பின்னர் 45 நாட்களுக்கு ஒருமுறையும் அறுப்பது பரிந்துரை. நாள் தள்ளிப்போன புல்லின் தண்டு மரம்போல் முற்றிவிடும். அப்போது கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கட்டின் அடிப்பக்கத்தைத் தட்டிச் சமமாக்கி, அடிப்பக்கம் முதலில் போகுமாறு நேராக ஊட்டுங்கள். வேரோடு ஒட்டிய மண்ணை உதறிவிடுங்கள். கத்தியை மழுக்குவதில் முற்றிய தண்டைவிட மணல் கெட்டிக்காரன். படலம் சீரான கனத்தில் தொடர்ந்து போக வேண்டும். ஒருமுறை திணித்து, ஒருமுறை வெறுமையாக விட்டால் மேல் உருளை தூக்கியும் தாழ்ந்தும் பிடியை இழக்கிறது. வேலிமசால் போன்ற மெல்லிய தழையைத் தனியே ஊட்டினால் உருளையில் சுற்றும். இரண்டு அடுக்குப் புல்லுக்கு நடுவே வைத்து ஊட்டினால் நன்கு நறுக்கப்படும்.

மாடுகளுக்கு 2 முதல் 3 செ.மீ. நீளம் போதுமானது. சீராக வருகிறதே என்று கத்திகளைக் கூட்டி மாவாக்கிவிட வேண்டாம். மிகப் பொடியான தீவனத்தால் மாடு அசைபோடுவது குறைந்து, பாலின் கொழுப்பும் குறையலாம். சங்கத்தில் கொழுப்பைப் பார்த்துத்தானே விலை தருகிறார்கள். ஊறுகாய்ப்புல் தயாரிப்போருக்குச் சீரான அளவு இன்னும் முக்கியம். நீளத் துண்டுகள் குழியில் படிந்து அமுங்காமல் காற்றைத் தேக்கும். அந்த இடத்தில் பூசணம் பூக்கும்.

கையைக் காக்க

கருவி சிக்கிக்கொண்டால் கையால் பிடித்து இழுக்காதீர்கள். பின்னோட்ட நெம்புகோல் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையெனில் நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். கடைசிக் கைப்பிடிப் புல்லைத் தள்ள ஒரு மரக்கட்டையைத் தொட்டியின் அருகிலேயே கட்டித் தொங்கவிடலாம். வளையல், தோளில் தொங்கும் துண்டு, சேலைத் தலைப்பு ஆகியவை உருளையில் சிக்கினால் கையையும் இழுத்துக்கொள்ளும்.

டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் வட இந்தியச் சிற்றூர்களில் இக்கருவியால் ஏற்படும் காயங்களை ஆராய்ந்து மூன்று எளிய காப்புகளை உருவாக்கினர். உருளைக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை உருளை. கை அதில் பட்டதும் உஷாராகிவிடலாம். கத்திக்கு ஒரு காப்பு. வேலை இல்லாதபோது சக்கரம் சுற்றாதபடி ஒரு பூட்டு. சிறுவர்கள் சக்கரத்தைச் சுற்றி விளையாடும்போதும் விரல்கள் போகின்றன என்பதால் கையால் சுற்றும் கருவிக்கும் பூட்டு அவசியம். இவை மூன்றையும் உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம்.

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் விரல் துண்டிக்கப்பட்டால் காயத்தைத் தூய துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்து, 108-க்குத் தொலைபேசி செய்யுங்கள். மஞ்சளோ காப்பித்தூளோ அப்பக் கூடாது. துண்டான விரலைத் தூய ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு வாயைக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து உடன் எடுத்துச் செல்லுங்கள். பனிக்கட்டி விரலில் நேராகப் படக் கூடாது. பட்டால் சதை கெட்டு, ஒட்டவைக்க இயலாமல் போகும்.